அவரவர் குரலில்

செத்துப்போனவர்களைப் பேசவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வானொலியைத் திருப்பினால் 'அவரவர் குரலில்' வரும். அந்த ஆண்டு காலமான நாற்பது பேர், ஒரு மணி நேரம். பாலம் கட்டிய பொறியாளர், குத்துச்சண்டைக்காரர், கேலிச்சித்திரம் வரைந்தவர், உருளைக்கிழங்கு நோய்க்கு மருந்து கண்டுபிடித்த தாவரவியல் பேராசிரியை, ஐம்பது வருடம் மேடையில் மாமியாராகவே நடித்துத் தீர்த்த நடிகை, எல்லோரும் ஒரே வரிசையில் வருவார்கள். பெயரும் தொழிலும் நான் சொல்வேன், ஏழு நொடி. அதற்குப் பிறகு அவர்களே பேசுவார்கள், எழுபது நொடி.

பின்னணி இசை கிடையாது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' கிடையாது. உயிரோடிருக்கும் ஒருவர்கூட நிகழ்ச்சிக்குள் வாயைத் திறக்க முடியாது, என்னைத் தவிர. பதினேழு வருடத்துக்கு முன் இதை நான் கையில் வாங்கியபோது நிலைமையே வேறு. இறந்தவரின் நண்பர் வருவார், சிஷ்யர் வருவார், 'அவர் என்னைப் பார்த்து ஒருமுறை சொன்னார்' என்று ஆரம்பித்துத் தன் புராணத்தைப் பாடி முடிப்பார். செத்தவர் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருப்பார். முதல் வருடமே நான் கறாராகச் சொல்லிவிட்டேன்: அவரவர் குரலுக்கு மட்டும்தான் இடம். குரல் பதிவு இல்லையா, பட்டியலில் இல்லை. ஊரே கும்பிட்ட ஒரு சிற்பியை இந்த ஒரு காரணத்துக்காக விட்டிருக்கிறேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிலையத்தில் கேலி பேசுவார்கள். பிடித்தவள் நான், எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் என் கணவர் ஒருநாள் கேட்டார்: "நாளைக்கு நீ போயிட்டா உன் குரலை யாரு தேடி எடுப்பாங்க?"

"எழுபது நொடி பதிவு பண்ணி வச்சாச்சு. நீங்க அதுக்குள்ள மூக்கை நுழைக்காம இருந்தா போதும்" என்றேன்.

மறுநாள் செய்தித்தாள்கள் எங்கள் பட்டியலை அப்படியே எடுத்துப் போடும். 'அவரவர் குரலில் வந்தாரா?' என்பது ஒருவர் பெரிய ஆளா இல்லையா என்பதற்கான கேள்வியாகவே ஆகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

இந்தமுறை நிகழ்ச்சிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை மதியம், நகரப் பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் என் அறைக்குள் வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. மடித்த ஒரு கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"இது நீங்க அனுப்பினதுதானே மேடம்?"

எங்கள் நிலையத்தின் வழக்கமான கடிதம். கீழே என் கையெழுத்து. 'தங்கள் தாயார் தெளிவாகப் பேசும், இரண்டு நிமிடத்துக்குக் குறையாத ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பி உதவவும்.'

"ஆமா. அனுப்பிட்டீங்களா?"

"எங்கம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. ஒரு வார்த்தை பேசினதில்ல."

கோப்பை இழுத்துப் பார்த்தேன். 'அகராதி தொகுப்பாளர், ஆசிரியை' என்று என் உதவியாளர் எழுதியிருந்தார். என்ன அகராதி என்று அடுத்த வரியில் தெளிவாகவே இருந்தது: சைகை மொழி அகராதி, நாலாயிரத்து இருநூறு சைகைகள். நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் இன்று மொழிபெயர்ப்பாளர்கள் கையில் வைத்திருப்பது அதுதான். அறுபது கடிதங்களில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்ட எனக்கு அடுத்த வரியைப் படிக்க நேரமில்லை. உதவியாளர் மேல் பழி போட்டிருக்கலாம். கையெழுத்து என்னுடையது.

"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு வாங்க வரல. அம்மா பேரு வருமா வராதா?"

நான் நிகழ்ச்சியின் விதியைச் சொன்னேன். சொல்லும்போதே அது அந்த அறையில் நன்றாக ஒலிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. அதனால் பதினேழு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தேன், விதியை வளைத்தேன். "வேணும்னா அம்மாவைப் பத்தி நீங்க பேசுங்க. எழுபது நொடி தர்றேன். இதுவரைக்கும் யாருக்கும் தந்ததில்ல."

பெரிய மனசு பண்ணிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவள் முகம் இன்னும் இறுகியது.

"மேடம், ஏழு வயசுலேருந்து நான்தான் எங்கம்மாவுக்கு வாய். பேங்க்ல, ஆஸ்பத்திரில, என் ஸ்கூல்ல என்னைப் பத்தி டீச்சர் குறை சொன்னப்பகூட நான்தான் மொழிபெயர்த்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாங்க, அம்மா பக்கத்துல நிப்பாங்க. செத்ததுக்கப்புறமும் நானே பேசினா, அவங்க எங்க இருக்காங்க?"

என் விதியை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான்தான்.

"அப்படின்னா என்னால முடியாதும்மா" என்றேன்.

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். "எங்கப்பாவுக்கும் காது கேக்காது. போன வாரம் யாரோ பழைய மாணவர் அவருகிட்ட உங்க நிகழ்ச்சியப் பத்திச் சொல்லியிருக்காரு. அப்பா என்கிட்ட கேட்டாரு, அதுல அவ இருக்காளான்னு. இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். எதிர்ல உக்காந்து முகத்தையே பாக்குறாரு, நான் என்ன பண்றது? இப்ப முடியாதுன்னா நீங்களே வந்து அவருகிட்ட சொல்லுங்க. நான் மொழிபெயர்க்கிறேன். அந்த வேலை எனக்குப் பழக்கம்தான்."

என்னிடம் யாரும் இப்படிச் சவால் விட்டுவிட்டுச் சும்மா போனதில்லை. மறுநாள் மாலை போய் நின்றேன்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அழைப்புமணியை அழுத்தினால் சத்தம் வரவில்லை, உள்ளே ஒரு விளக்கு மின்னி அணைந்தது கதவிடுக்கில் தெரிந்தது. கதவைத் திறந்தவர் உயரமான மனிதர், எழுபது வயதிருக்கும். அச்சகத்தில் முப்பது வருடம் எழுத்துக் கோத்தவராம். இயந்திரங்கள் போடும் இரைச்சலில் மற்றவர்கள் கத்திக் கத்தித் தொண்டை வற்றும்போது தான் மட்டும் நிம்மதியாக வேலை பார்த்ததாக மகள் வழியாகச் சொல்லிச் சிரித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, ஆள்காட்டி விரலால் தன் மூக்கு நுனியை மேலே தள்ளிக் காட்டினார். மகள் வேறு பக்கம் பார்த்தாள்.

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"பரவால்ல, சொல்லுங்க."

"எங்கள்ல புதுசா வர்றவங்களுக்கு ஒரு சைகைப் பேர் வைப்போம். உங்களுக்கு வச்சுட்டாரு. நிமிர்ந்த மூக்கு."

நான் பதிலுக்கு மூக்கை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக் காட்டினேன். மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். சொல்ல வந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை ஒளிநாடாக்கள். அகராதிக்காகவும் வகுப்புக்காகவும் அந்த அம்மாள் எடுத்தவை, இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றை உருவிப் போட்டார்.

தொலைக்காட்சியில் படம் வந்ததும் நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். ஒலி உச்சத்தில் இருந்தது. மகள் இல்லாத நேரத்தில் அதை யார் குறைக்கப் போகிறார்கள்? மகள் பாய்ந்து குறைக்கப் போனாள்.

"தொடாதீங்க" என்றேன்.

திரையில் ஒரு வகுப்பறை, மரத்தளம். குட்டையான, உருண்டையான ஒரு பெண்மணி நிற்கிறார். தளத்தைக் காலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார், டொம் டொம். முதுகைக் காட்டிக்கொண்டிருந்த முப்பது பிள்ளைகளும் அந்த அதிர்வில் திரும்புகிறார்கள். பிறகு பேசத் தொடங்குகிறார். உள்ளங்கையில் உள்ளங்கை மோதுகிறது. விரல் நகம் நகத்தில் உரசுகிறது. சட்டைக் கை சரசரக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் மூக்கால் ஒரு மூச்சை இழுக்கிறார், கோபமான இடத்தில் அதை வேகமாக விடுகிறார். எனக்கு ஒரு சைகைகூடத் தெரியாது. ஆனால் முப்பது வருடமாகக் குரல்களோடு குடும்பம் நடத்துகிறவள் நான். எங்கே கேள்வி, எங்கே கிண்டல், எங்கே முற்றுப்புள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது.

கண்ணைத் திறந்தபோது மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"சின்ன வயசுல அடுத்த ரூம்ல படுத்திருப்பேன். இந்தச் சத்தம் வந்தா அம்மாவும் அப்பாவும் பேசிட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவேன். இது அம்மாவோட குரல்னு எனக்குத் தோணினதே இல்ல மேடம்."

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கையை அசைத்தார். மகள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பதில் சொன்னாள். அவர் நம்பவில்லை. மீண்டும் கேட்டார்.

"அம்மா பேசும்போது சத்தம் வரும்னு சொன்னேன். என்ன சத்தம்னு கேக்குறாரு. நாப்பத்தொரு வருஷமா சத்தம் போட்டுத்தான் என்னைத் திட்டினாளா, எனக்குத் தெரியாம போச்சேங்கிறாரு."

நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. என் விதியில் 'குரல்' என்றுதான் எழுதியிருக்கிறது, தொண்டை என்று எழுதவில்லை. எழுதியவளுக்கே இது பதினேழு வருடம் கழித்துத்தான் உறைத்தது. முடியாது என்று சொல்லப் போனவள், இரண்டு பை நிறைய ஒளிநாடாக்களோடு படியிறங்கினேன்.

எங்கள் ஒலிப்பொறியாளரை நிலையத்தில் எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து அறையில் குண்டூசி விழுந்தால் எத்தனை என்று சொல்லக்கூடியவர். இரண்டு நாள் அவரும் நானும் உட்கார்ந்து தேடினோம். ஒரு வகுப்பில் அந்த அம்மாள் ஏதோ ஒரு ஜோக் சொல்கிறார். நடுவில் கையை நிறுத்திவிட்டு, பதினோரு நொடி, பிள்ளைகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு ஒரே ஒரு சைகை, சப்பென்று ஒரு தட்டு. வகுப்பே வெடித்துச் சிரிக்கிறது. சரியாக அறுபத்தெட்டு நொடி.

"அக்கா, இதான்" என்றார் காதுக்காரர். "ஆனா பதினோரு நொடி சும்மா இருக்கே, பெட்டி விடாதே."

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒலிபரப்பில் எட்டு நொடி சத்தமில்லாமல் போனால், ஏதோ பழுது என்று தானாகவே முடிவுகட்டி, கைவசம் வைத்திருக்கும் ஒரு புல்லாங்குழல் இசையை அது போட்டுவிடும். அதை நிறுத்திவைக்க நிலைய இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் நல்ல மனிதர், ஆனால் பேனாவை எடுக்க மட்டும் நல்ல நேரம் பார்ப்பார்.

"ஜனங்க ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க" என்றார். "முன்னாடி ஒரு அரை நிமிஷம் நீங்க விளக்கிச் சொல்லிடுங்களேன். இவங்களுக்குக் காது கேக்காது, இது கையோட சத்தம், பாவம் அப்படின்னு..."

"பாவமா? நாலாயிரம் சொல்லை ஒத்தையா நின்னு சேர்த்த பொம்பள சார். அந்தப் பொறியாளருக்கு நான் எத்தனை நொடி சொல்றேன்? ஏழு. இவங்களுக்கும் ஏழுதான்."

"அந்த இடைவெளியையாவது வெட்டிச் சுருக்கலாம்ல?"

"ஜோக் சொல்ற ஆளு நிறுத்துற இடத்துலதான் சார் ஜோக்கே இருக்கு. அதை வெட்டினா அவங்க வாயைப் பொத்தின மாதிரி."

"பெட்டி பழுதுன்னு காட்டுமே?"

"ஒருத்தங்க பேசிட்டிருக்கும்போது பழுதுன்னு சொன்னா, பெட்டிதான் சார் பழுது."

காதுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் என்ற கதை இயக்குநருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யார் விடாக்கண்டன் என்பதும் இருவருக்கும் தெரியும். பேனாவை எடுத்தார்.

கையெழுத்து வாங்கிய பிறகு எனக்கு ஒரு நப்பாசை. மகளைக் கைபேசியில் கூப்பிட்டு, அந்த ஜோக் என்ன என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: "சொல்ல மாட்டாராம் மேடம். நிமிர்ந்த மூக்கு கொஞ்சம் காத்திருக்கட்டுமாம்."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஒலிப்பதிவு அறைக்கே வந்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதுக்காரர் பக்கத்தில், பெரிய ஒலிபெருக்கியின் முன் பெரியவருக்கு நாற்காலி போட்டோம். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவர் பேசும்போதும் மகளிடம் ஏதோ சொன்னார். குத்துச்சண்டைக்காரர் பேசியபோது, 'இந்த ஆள் உள்ளுக்குள்ள பயந்த சுபாவம்' என்றாராம். அது உண்மை. அந்த மனிதர் பல் வைத்தியரிடம் போகவே நடுங்குவார் என்று அவர் மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இருபத்துமூன்றாவதாக அந்த அம்மாளின் பெயரைச் சொன்னேன். "சைகை மொழி அகராதியை உருவாக்கியவர், ஆசிரியை. வகுப்பில் பேசுகிறார்." அவ்வளவுதான், ஏழு நொடிகூட ஆகவில்லை.

டொம் டொம்.

பெரியவர் விருட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. நாற்பத்தொரு வருடமும் வீட்டில் அவள் அவரைக் கூப்பிட்டது அப்படித்தான். மெல்லத் திரும்பி, கையை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டார். கைகள் பேசின. நிறுத்தின. பதினோரு நொடி. நாடெங்கும் வானொலியில் ஒன்றுமே கேட்காத அந்தப் பதினோரு நொடியும் காதுக்காரர் மூச்சுவிடவில்லை, நானும்தான். பிறகு அந்த ஒரு தட்டு. பிள்ளைகளின் சிரிப்பு அவர் உள்ளங்கைக்குள் வந்து மோதியபோது அவரும் வாய்விட்டுச் சிரித்தார். ஒலிவாங்கி திறந்திருந்தது, அடுத்த பெயரைச் சொல்ல வேண்டும். குரல் உடையாமல் சொன்னேன், அந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அப்பாவும் மகளும் கைகளால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் பொய் சொன்னது அன்னைக்கே தெரியுமாம் மேடம்" என்றாள் மகள். "பொய் சொன்னா என் கை வேகமா போகுமாம். நீங்க வீட்டுக்கு வந்ததே முடியாதுன்னு சொல்லத்தான்னு வாசல்லயே கண்டுபிடிச்சுட்டாராம்."

"தெரிஞ்சுமா அவ்வளவு சிரிச்சாரு?"

அவள் கேட்டாள். பெரியவர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"நீங்க அம்மாவைப் பார்த்தா போதும், மத்தத அவங்க பாத்துக்குவாங்கன்னு நினைச்சாராம்."

அதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. வழக்கமாக நாலைந்து பேர் கூப்பிடுவார்கள், இன்னாரை ஏன் விட்டீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். அன்றைக்கு எல்லா இணைப்பும் மின்னியது. ரேடியோ கெட்டுவிட்டதா என்று கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: பிள்ளைகள் அப்படிச் சிரித்தார்களே, அது என்ன ஜோக்?

எல்லாவற்றையும் எடுக்க எங்களிடம் ஆளில்லை. பக்கத்தில் அடித்ததை மகளே எடுத்தாள். கேட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்து ஒரு கையால் கேள்வியைச் சொன்னாள். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். ஏழு வயதிலிருந்து அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அடுத்தவர்களுக்கு எடுத்துச் சொன்னவள், முதல்முறையாக மறுத்தாள்.

"இல்லீங்க, நான் சொல்ல மாட்டேன். எங்கம்மா அவங்களே சொல்லிட்டாங்களே. புரியணும்னா அவங்க பள்ளிக்கூடத்துல வந்து கத்துக்குங்க. திங்கள், வியாழன், சாயங்காலம் ஆறு மணி. ஆமாங்க, யார் வேணாலும் வரலாம்."

வைத்தாள். உடனே மறுபடியும் அடித்தது. எடுத்து, அதையே இன்னும் நிமிர்ந்த குரலில் சொன்னாள்.

ஜனவரி முதல் வாரம் அந்தப் பள்ளியில் உட்கார இடமில்லை, இரண்டாவது வகுப்பறையைத் திறந்தார்கள். கடைசி பெஞ்சில் நானும் காதுக்காரரும். என் விரல்கள் மரக்கட்டை, என் கை பேசுவது கொன்னுவதாகப் பெரியவர் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குகிறார். நாலு மாதம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஒளிநாடாவை வீட்டுக்கு வாங்கி வந்து, ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அம்மாள் கையை நிறுத்தினார். இரண்டு நொடி போனது, மூன்று நொடி போனது, எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் சிரிக்கும் முன்னாலேயே, தனியாக, வயிறு வலிக்கச் சிரித்துத் தீர்த்தேன்.

என் கணவர் சமையலறையிலிருந்து ஓடி வந்து, "என்ன ஆச்சு, என்ன சொல்றாங்க அவங்க?" என்று கேட்டார்.

"திங்கள், வியாழன்" என்றேன். "சாயங்காலம் ஆறு மணி."